இரைக்குதாம்

ஒத்திகைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியின் சூடு தொண்ணூற்றொன்றைத் தொட்டதும் மூச்சக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். தொண்ணூற்று நான்கில் ஜன்னலைத் திறந்தாள். தொண்ணூற்றாறில் அதை மூடினாள். தொண்ணூற்றெட்டு வந்தபோது இடுப்பில் கைவைத்துத் திரைக்கு முன்னால் நின்று, "ஏன், ஒரேயடியா நின்னுதான் போயேன்!" என்றாள். வீட்டில் யார் அவள் சொல்பேச்சைக் கேட்டார்களோ இல்லையோ, அது கேட்டது. பொசுக்கென்று அணைந்துபோனது.

கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மூடியைச் சாத்தினாள்.

சாயங்காலம் கடைசி வாய்ப்பு. ஒலிப்புத்தக நிலையத்தின் இன்ஜினியர் தம்பி நேற்றே போனில் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டான். "அக்கா, நாளைக்கு ஆசிரியர் அம்மாவே லைன்ல உக்காந்து கேக்கப் போறாங்க. முதல் அத்தியாயம் ஒரே மூச்சுல முடிஞ்சிடணும். நடுவுல மெஷின் படுத்துச்சுன்னா... வேற குரல் ஒண்ணு பாத்து வெச்சிருக்காங்கக்கா. எனக்கே சொல்ல வாய் வரலே." வாய் வராதவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

ஒரே மூச்சில் என்கிறான். யாரிடம்? மூச்சக்காவிடம்!

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. வேற்று மொழிப் படங்களுக்குக் குரல் கொடுக்கும் கூடத்தில் வருஷக்கணக்காக அவள் வேலையே மூச்சுதான். திரையில் ஓடுகிறவள் ஒருத்தி, இரைக்கிறவள் இவள். அவள் விழுந்தால் இவள் முனக வேண்டும், அவள் அழுதால் இவள் விசும்ப வேண்டும். வசனம் என்று வந்தால் மட்டும் இவளை நகரச் சொல்லிவிட்டு வேறொரு குரல் மைக்குக்கு முன்னால் வந்து நிற்கும். நாய்க்குக்கூட இரைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் படத்தில் நாயின் பெயர் கடைசியில் வந்தது, இவள் பெயர் வரவில்லை. இதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வாள். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

இப்போது வந்திருப்பது முழு நாவல். ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவளின் கதை. ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே குரல், அட்டையில் எழுதியவர் பெயருக்குக் கீழே படித்தவர் பெயர். அவளுக்கு இது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டும் என்று வெளியே சொன்னால் கிடைக்காமல் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம்.

ஒலிக்கூடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. படுக்கையறையின் துணி அலமாரிதான் கூடம். கம்பளிகளும் போர்வைகளும் தொங்கும் அந்தப் பொந்துக்குள் ஒரு முக்காலி, ஒரு மைக், மடியில் மடிக்கணினி. மைக்கின் கேபிள் குட்டை என்பதால் கணினியும் உள்ளேயே இருந்தாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டால் வெளி உலகம் கிடையாது. குரல் எங்கேயும் முட்டாமல் பஞ்சில் விழுவதுபோல் விழும். முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவளுக்குச் சொந்த வீடு வாங்கியதுபோல் இருந்தது.

அந்த முதல் நாளில்தான், முக்கால்வாசி படித்து முடித்த பிறகு, இன்ஜினியர் தம்பி காதுக்குள் சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இரைக்குது."

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்குகிறது, கலங்கரை விளக்கத்துக்காரி நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள், ஆனால் மலையேறுகிறவள் மாதிரி கேட்கிறது என்றான். எடுத்தது எதுவும் உதவாது, இன்னொரு நாள் முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்றான்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து வெளியே வந்தபோது அவள் கணவர் கட்டிலில் உட்கார்ந்து நாற்காலிக் காலுக்குக் கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "என்னாச்சு?" என்றார். அவமானத்தில் அவளுக்கு நாக்கு புரளவில்லை. காசுக்கு இரைத்தவளிடம், இரைக்காதே என்று சொல்லிவிட்டார்களே! கணினியைக் கட்டிலில் போட்டுவிட்டு, "இரைக்குதாம். எடுத்ததெல்லாம் வேஸ்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள். அழும்போதும் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது, நுரையீரல் ஓய்ந்துவிட்டது, சோறு போட்ட சொத்து கரைந்துவிட்டது என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் கணினிக்கும் பேய் பிடித்தது.

இரண்டாவது தடவை பாதி அத்தியாயத்தில் அணைந்தது. மூன்றாவது தடவை அதற்கும் முன்னாலேயே. தொட்டால் தோசைக்கல். முதலில் ஆணியடித்ததுபோல் சொற்கள் நின்று நின்று பதிவாகும், பிறகு படக்கென்று இருட்டு. அவள் சும்மா இருக்கிற ரகமா? அடியில் புத்தகங்களை முட்டுக் கொடுத்தாள். ஊதினாள். பல் துலக்கும் பிரஷால் ஓட்டை ஓட்டையாகத் துலக்கினாள். ஈரத்துணியை மடித்து அடியில் வைத்து, அப்புறம் ஐயோ என்று பதறி எடுத்தாள். சூட்டைக் காட்டுகிற ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் அம்மா மாதிரி எந்நேரமும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் திறந்து, தூசியை ஊதி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவி மூடினான். அவன் கடையில் அது ராஜா மாதிரி ஓடியது. விசிறி சுற்றியது, சூடு அறுபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குள் போய் உட்கார்ந்தால் பழைய குருடி கதைதான். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போய்விடுகிற பிள்ளைகள் உண்டு. மெஷினுமா?

இன்று மத்தியானம் அணைந்துபோன கணினியை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி அவனுக்கே போன் போட்டாள்.

"அக்கா, நான் பாட்டுப் போட்டுப் பாத்தேன், படம் போட்டுப் பாத்தேன், நாலு படம் ஒண்ணா போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆகலே. மெஷின் மேல தப்பு இல்லக்கா."

"அப்ப தப்பு என் மேலயா?"

"அய்யய்யோ, நான் அப்படிச் சொல்வேனா? ஒண்ணு பண்ணுங்க. போடுங்க. போட்டு, ஃபேன் சத்தத்தைக் காது குடுத்துக் கேளுங்க. எந்த நிமிஷம் நிக்குது, அப்ப என்ன பண்றீங்க, அதை மட்டும் பாருங்க."

போட்டாள். விசிறி சுற்றுகிற மெல்லிய ஓசை கேட்டது. கடிதங்களைத் திறந்தாள், சுற்றியது. படம் ஒன்றை ஓட்டினாள், வேகமாகச் சுற்றியது. பதிவுச் செயலியைத் திறந்தாள். ஒரு பெருமூச்சு விட்டதுபோல் விசிறி ஓய்ந்தது.

மூடினாள். சுற்றியது. திறந்தாள். ஓய்ந்தது.

"தம்பி," என்றாள், "ரெக்கார்டிங்கைத் திறந்தா நிக்குது."

"ரெக்கார்டிங்கா? அதை எவன் கடையில பண்ணிப் பாப்பான்..." அவன் முனகினான். "அக்கா, அப்ப ஃபேன் கெட்டுப் போகலே. யாரோ அதை வாயை மூடிட்டு இருன்னு சொல்லி வெச்சிருக்காங்க. கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஏதாச்சும் படம் இருக்கா பாருங்க."

இருந்தது. காது மாதிரி ஒரு துளிப்படம். அழுத்தினால் ஒரு பெட்டி விரிந்தது. பதிவு நடக்கும்போது விசிறி இயங்காது என்று அதில் எழுதியிருந்தது. மாற்ற வேண்டுமானால் கடவுச்சொல் கேட்டது. அதற்கு மேலே, அமைத்தவர் என்ற இடத்தில், அவள் கணவரின் நூலகக் கணக்குப் பெயர்.

மெக்கானிக் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

கணவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவர் நூலகர். வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் உஷ் சார். அந்தக் கட்டடத்தில் ஊசி விழுந்தால் அது விழுந்ததற்காக வெட்கப்படும். வேலையில் மட்டும் என்றில்லை, வீட்டிலும் சத்தம் என்பது அவருக்குக் காலில் தைத்த முள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார், மேஜை இழுப்பறைக்கு மெழுகு தேய்ப்பார், சொட்டுகிற குழாயின் வாயில் நூல் கட்டிவிடுவார். செய்ததை எவரிடமும் சொல்கிற பழக்கம் கிடையாது. ஒருநாள் திடீரென்று வீட்டில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். யோசித்தால், கிறீச்சிடும் ஜன்னல் கிறீச்சிடவில்லை.

அதெல்லாம் இத்தனை நாள் அவளுக்குச் செல்லமாகத்தான் இருந்தது. இப்போது திரையில் இருந்த அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தாள். இவரா? இந்த வாய்ப்பு வந்தபோது, "அந்தப் பொந்துக்குள்ள போய் உக்காரணுமா? டப்பிங் கூடத்துலயே பேசிட்டு வந்துடலாமே" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கூடத்தில் பேசுவதா? கூடத்தில் அவளை எங்கே பேசவிட்டார்கள்? வீட்டில் தன் குரல் ஒலிப்பதே இவருக்குப் பிடிக்கவில்லையோ? கீலுக்கும் குழாய்க்கும் செய்ததை எனக்கும் செய்துவிட்டாரோ? இப்படி நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அவர் எங்கே எடுப்பார்? அவருடைய போன் வாங்கிய நாளிலிருந்து வாய் திறந்ததில்லை. கணினியைப் பையில் திணித்துக்கொண்டு, கால் செருப்பு வலது இடது பார்க்காமல், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாகத் தெருவில் இறங்கிவிட்டாள்.

நடந்தாளா, ஓடினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சிக்னலில் நிற்கமுடியாமல் இருந்த இடத்திலேயே நடை போட்டாள். பக்கத்தில் நின்ற தபால்காரர் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வசனத்தை மனசுக்குள் பேசிப் பார்த்தாள். முதலில் பணிவாக, அப்புறம் கோபமாக, அப்புறம் அழுகையோடு. கடைசியில் எதுவும் சரிப்படவில்லை. வசனம் எப்போதும் வேறு யாருக்கோ போய்விடும், அவளிடம் மூச்சு மட்டும் மிஞ்சும்.

நூலகத்தின் பெரிய கதவு ஓசையில்லாமல் திறந்தது. நீள மேஜைகளில் தலைகள் குனிந்திருந்தன. மூலையில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் ஒரு கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது.

"விரலை எடுங்க," என்றாள், கிசுகிசுப்பாக. "நீங்கதானே இதை நிறுத்தினீங்க?"

"எதை?"

"ஃபேனை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கள்ளன் பிடிபட்ட முகம் இல்லை, ஒளித்து வைத்த பரிசைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்ட அப்பாவின் முகம். "கண்டுபிடிச்சிட்டியா? இங்க இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் அதைத்தான் போட்டு வெச்சிருக்கோம். அதுகள்ல புத்தகப் பேரு தேடறது மட்டும்தானே, சூடே ஏறாது. இப்ப சத்தமே இல்லேல்ல?"

அவள் எதிர்பார்த்து வந்தது வேறு. பெருமையை எதிர்பார்க்கவில்லை. "சத்தம் இல்லதான். மெஷினும் இல்ல. ஃபேன் நின்னா அது வெந்து அணைஞ்சு போகுது. நான் அதைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையறேன், நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க!"

மலர்ச்சி அணைந்தது. "தூசின்னுதானே சொன்னே. பசைன்னு சொன்னே." அவர் பசை தூரிகையைக் கீழே வைத்தார். "அணையறதும் இதுவும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குப் போட்டீங்க? உங்களை யாரு போடச் சொன்னா?"

"நீதான் சொன்னே."

"நானா?"

"அன்னைக்கு வந்து கட்டில்ல போட்டியே. இரைக்குதாம், எடுத்ததெல்லாம் வேஸ்டாம்னு. நீ உள்ள போய் அழுதே. எனக்கு மனசு கேக்கலே. ஃபேன் இரைச்சல்தானே, அதை நாம ஒரு வழி பண்ணிடலாம்னு..."

"அது என்னைச் சொன்னாங்க!"

இது கிசுகிசுப்பாக வரவில்லை. கடைசி வரிசை நாற்காலிவரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி பழகிய குரல், கூரையில் முட்டித் திரும்பி வந்தது. குனிந்திருந்த தலைகள் அத்தனையும் நிமிர்ந்தன. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர், வாழ்க்கையில் இப்படியொரு வாய்ப்பு இனி வராது என்பதுபோல், உஷ் சாரின் மனைவியைப் பார்த்து நீளமாக "உஷ்ஷ்ஷ்" என்றார்.

உஷ் சார் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். "உன்னையா? உனக்கா இரைக்குது?"

அவளுக்கு இப்போதும் இரைத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். நெற்றி வேர்வை, சிவந்த கன்னம், தோள் ஏறி ஏறி இறங்குவது. கல்யாணமானதிலிருந்து தினம் பார்க்கிற முகம். ஆனால் இந்தச் சில வாரங்களாக அவர் பார்த்ததெல்லாம் கட்டிலில் கிடந்த மெஷினைத்தான்.

"எத்தனை நாளா இப்படி? எங்கிட்ட மூச்சு விடலையே நீ."

"சொன்னேனே," என்றாள்.

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிஷம் நின்றாள். சொன்னாளா? இரைக்குதாம் என்றாள். எதற்கு, யாருக்கு? 'எனக்கு' என்ற சொல்லை மட்டும் தொண்டைக்குள் விழுங்கிவிட்டு மிச்சத்தை அவர் முன்னால் போட்டிருக்கிறாள். மடியில் மெஷினை வைத்துக்கொண்டு வந்தவள் அப்படிச் சொன்னால், சத்தத்தையே நினைத்துக்கொண்டு வாழ்கிற மனுஷன் வேறு எதை நினைப்பார்? அவர் இரைச்சலை நிறுத்தினார். நிறுத்தியதும் மெஷின் வெந்தது. மெஷின் வெந்ததும் மூடின அலமாரி அடுப்பானது. அடுப்புக்குள் உட்கார்ந்து படித்தவளுக்கு இன்னும் இரைத்தது. இரைக்க இரைக்க, நுரையீரல் போச்சு என்று இவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் நாளே அந்தப் பொந்துக்குள் காற்றுக்கு வழியில்லை. போர்த்திய கம்பளிகளுக்கு நடுவே, மடியில் ஒரு கணப்போடு உட்கார்ந்தால் எந்தத் தொண்டைதான் இரைக்காது?

"வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்," என்றாள். "மூச்சு போச்சுன்னு நினைச்சேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் வந்து முட்டிக்கொண்டன.

அவர் பையிலிருந்து கணினியை எடுத்து மேஜையில் வைத்துக் கடவுச்சொல்லைத் தட்டினார். காதுப் படம் மறைந்தது. பதிவுச் செயலியைத் திறந்தார். வாரக்கணக்காக வாயைக் கட்டி வைத்திருந்த விசிறி, கட்டவிழ்த்த வேகத்தில் ஹோவென்று இரைந்தது. அந்த அரங்கத்தில் அப்படியொரு ஓசையை யாரும் கேட்டதில்லை. செய்தித்தாள் பெரியவர் மறுபடியும் உதட்டைக் குவித்தார். "இருக்கட்டும் சார்," என்றார் உஷ் சார், சாதாரணக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. "அது கொஞ்சம் இரையட்டும்."

அடுத்த மேஜையில் இருந்த உதவி நூலகரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார். இழுப்பறையைத் திறந்து நாற்காலிக்கால் கம்பளிச் சுருளை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். "வா," என்றார்.

"நீங்க எதுக்கு? வேலை நேரம்."

"மெஷின் இனிமே அலமாரிக்கு வெளியிலதான் இருக்கணும். கேபிள் குட்டை. அது நடுவுல வந்தா கதவு சாத்தாது. யாரு பிடிச்சுப்பா?"

வரும்போது இருந்த சிக்னல் போகும்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. இந்தத் தடவை இருவரும் இருந்த இடத்தில் நடை போட்டார்கள். வீட்டு வாசலில் ஏறிட்டுப் பார்த்தால் லிஃப்ட் கதவில் பழுது என்ற அட்டை. "நீ மெதுவா ஏறு, உன் மூச்சு வேணும்," என்று சொல்லிவிட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படிகளில் தாவிப் போனார். உஷ் சார் ஓடி அவள் பார்த்ததில்லை. ஓடினால் சத்தம் வரும் என்பதால் ஓடாத மனுஷன். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, கம்பளிகளில் பாதி கட்டிலுக்கு இடம் மாறியிருந்தது. கணினி அலமாரிக்கு வெளியே, ஒரு பெட்டியின் மேல், கேபிள் எட்டும் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. கதவின் இடுக்கைச் சுற்றி அவர் கம்பளித் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே மட்டும் ஒரு விரற்கடை விட்டிருந்தார். "அது காத்துக்கு," என்றார்.

அவள் உள்ளே உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினாள். போனில் புத்தகத்தைத் திறந்தாள். கதவு மூடியது. அவர் முதுகு அதில் சாயும் அழுத்தம் தெரிந்தது.

"அக்கா, ரெடியா? ஆசிரியர் அம்மா லைன்ல இருக்காங்க." இன்ஜினியர் தம்பி அவளைவிட அதிகமாகப் பதறினான்.

ஆரம்பித்தாள். கலங்கரை விளக்கத்துக்காரி திரியைத் தூண்டினாள், கண்ணாடியைத் துடைத்தாள், கடலைப் பார்த்து நாற்காலியில் அமர்ந்தாள். உள்ளே சூடு இல்லை. முதல் பக்கம் போனது. வழக்கமாகச் சொற்கள் தடுக்கும் இடம் வந்தது, தடுக்கவில்லை. வழக்கமாக இருட்டாகும் இடம் வந்தது. அவள் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். இருட்டவில்லை. அவள் உடம்பு மெல்ல மெல்ல இறுக்கம் விட்டது. கடிதம் எழுதும் கட்டத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

அவள் வரியின் நடுவிலேயே நிறுத்தினாள்.

"இரைக்குது."

 அவ்வளவுதான், போச்சு. மெஷினும் இல்லை, சூடும் இல்லை, நான்தான், என் மூச்சுதான் என்று நினைத்தாள். மார்பில் கைவைத்துப் பார்த்தாள். மார்பு தன் பாட்டுக்கு, அவசரமில்லாமல் ஏறி இறங்கியது. மறுபடி பார்த்தாள். இரைக்கவில்லை.

"எனக்கு இல்ல தம்பி," என்றாள். 'எனக்கு' என்று தான் சொன்னதை அவளே கேட்டாள்.

"ஆமாக்கா. உங்களுக்கு இல்ல. தள்ளி. யாருக்கோ."

அண்ணாந்து பார்த்தாள். காற்றுக்கு விட்ட விரற்கடை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே மூக்கு, மூக்குக்குக் கீழே, பொத்திய கையையும் மீறிப் புசுபுசுவென்று மூச்சு. சாய்ந்திருந்த மனுஷன் எப்போது எழுந்து நின்று எட்டிப்பார்க்க ஆரம்பித்தாரோ, அவருக்கே வெளிச்சம். அவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பத்திக்குப் பத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரருக்கு இரைக்குது. மாடிப்படியில ஓடி வந்தாரு."

 மறுமுனையிலிருந்து அதுவரை கேட்காத ஒரு பெண்குரல், வயதான, அழுத்தமான குரல் வந்தது. "அவருக்குத் தண்ணி குடுத்து உக்காரச் சொல்லுங்கம்மா. நீங்க கடிதத்தை மேலேர்ந்து எடுங்க. நல்லா வந்துட்டிருந்துச்சு, கெடுத்துட்டாரு."

அவள் கதவைக் கொஞ்சம் திறந்து பாட்டிலை வெளியே நீட்டினாள். கடிதத்தை மேலேயிருந்து எடுத்தாள். அத்தியாயம் முடிகிறவரை யாரும் குறுக்கே பேசவில்லை.  "மிச்சத்தையும் நீங்களே படிச்சிடுங்க," என்றது அந்த அழுத்தமான குரல். இன்ஜினியர் தம்பி காதே கிழிகிற மாதிரி "அக்கா!" என்றான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவரும் தரையில்தான் இருந்தார். திரையில் சூடு எழுபதுக்குக் கீழே. விசிறி இன்னும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் அவர் கை அதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. கையை மடிக்கு எடுத்துக்கொண்டார். எண்ணைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"உனக்கு?" என்றார்.

"எனக்கு என்ன?"

"உனக்கு இப்ப இரைக்குதா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறாள்.

"இல்ல. ஆனா எனக்குக் கால் மரத்துப் போச்சு," என்றாள். "எனக்குப் பசிக்குது. எனக்கு இந்தப் புத்தகம் ரொம்ப வேணும்னு இருந்துச்சு. எனக்கு இவ்வளவு நாளும் பயமா இருந்துச்சுங்க."

விசிறி சத்தத்தில் கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லையோ என்று அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் மறுபடியும் சொன்னாள்.